மே மாத லீவில் ஒரு போர்ட்ஃபோலியோ: புதுவாயல் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கலாம்?

ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்த மறுவாரம். புதுவாயலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறார். தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருக்கிறாள். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் அண்ணன் வார விடுமுறைக்கு வந்திருக்கிறார். "லீவுல ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரலாம்ல?" என்று கேட்கிறார். "இல்லண்ணா, அடுத்த வருஷம் கவின் கலைக் கல்லூரிக்கு ட்ரை பண்ணப் போறேன். இப்பவே போர்ட்ஃபோலியோ ரெடி பண்ணணும்" என்கிறாள். அண்ணனுக்கு போர்ட்ஃபோலியோ என்றால் மியூச்சுவல் ஃபண்டுதான் தெரியும்.

இது அந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் சேர்த்துத்தான். ஏனென்றால், வீட்டில் நல்ல கேமரா உள்ள போன் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன?

ஒரு மாணவர் வரைந்தவை, செய்தவை, எடுத்த படங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. ஆனால், 'இதுவரை வரைந்ததில் அழகானவை இருபது' என்று அடுக்கி வைப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் விடுமுறையை வீணாக்குகிறார்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயதினருக்கு 'ஏ.பி. ஆர்ட் அண்ட் டிசைன்' என்றொரு பாடம் உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது, போர்ட்ஃபோலியோதான் தேர்வு. அதன் மதிப்பெண் பிரிவைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். தேர்ந்தெடுத்த 5 சிறந்த படைப்புகளுக்கு 40 சதவீதம். மீதி 60 சதவீதம், ஒரே கேள்வியைப் பல மாதங்கள் துரத்திச் செய்த தேடலைக் காட்டும் 15 படங்களுக்கு. அந்த 15-ல் முடிந்த ஓவியம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சோதனை முயற்சி, பாதியில் திருத்தியது, செய்முறையைக் காட்டும் படங்கள் எல்லாம் இருக்கலாம். என்ன கேள்வியோடு தொடங்கினீர்கள், நடுவில் என்ன மாறியது என்று சுருக்கமாக எழுதியும் கொடுக்க வேண்டும்.

அதாவது, 'நல்லா வரைவியா?' என்பதைவிட 'ஒரு விஷயத்தை விடாமல் பார்ப்பியா?' என்ற கேள்விக்கு அங்கே மார்க் அதிகம்.

நம் ஊரில் இதை யார் கேட்கிறார்கள்?

இங்கே கொஞ்சம் தெளிவு வேண்டும். இந்தியாவில் அரசு நிறுவனங்களின் முதல் வாசல் பெரும்பாலும் நுழைவுத்தேர்வுதான். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். படிக்க 'யூசீட்', ஃபேஷன் டெக்னாலஜிக்கு 'நிஃப்ட்', அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித்தேர்வு. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் அங்கேயே உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். தனியார் டிசைன் கல்லூரிகள் பலவற்றின் நேர்காணலில் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பார்கள். வெளிநாட்டுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் அது தேவைப்படும்.

'அப்போ நுழைவுத்தேர்வு மட்டும் எழுதுற பசங்களுக்கு இது வேண்டாமா?' வேண்டும். தேர்வு அறையில் 'மழை நாளில் ஒரு பஸ் ஸ்டாப்' என்று தலைப்பு கொடுத்தால், பஸ் ஸ்டாப்பை நாற்பது முறை நேரில் உட்கார்ந்து வரைந்த கைக்கும், இன்ஸ்டாகிராமில் பார்த்த கைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஏன் இந்த லீவு?

ப்ளஸ் டூ தொடங்கிவிட்டால் கதை முடிந்தது. யூசீட் ஜனவரியில் வருகிறது, மற்ற டிசைன் தேர்வுகளும் அதை ஒட்டியே. அதன்பின் பொதுத்தேர்வு. ஆக, ப்ளஸ் ஒன் முடிந்த ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான ஐந்தாறு வாரங்கள்தான் சும்மா கிடக்கும் நேரம்.

அந்த நேரத்தில் வழிகாட்ட யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த சிக்கல். தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு 3 அரைநாள் வேலை. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது அவர்களின் போராட்டங்களில் பல ஆண்டுகளாக ஒலித்த குறை. ஓவியம் கற்க மிகவும் வசதியான மாதம் எதுவோ, அந்த மாதம்தான் பல ஓவிய ஆசிரியர்களுக்கு ஊதியமில்லாத மாதமாக இருந்திருக்கிறது.

இடமும் அப்படித்தான். புதுவாயலிலும் கவரைப்பேட்டையிலும் பொறியியல் கல்லூரிகள் உண்டு. கவின் கலைக்கு சுமார் 40 கி.மீ. தள்ளி சென்னைக்குத்தான் போக வேண்டும். பெரியமேடு பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு, பதிப்போவியம் என்று துறைகள் இருக்கின்றன. கவரைப்பேட்டையில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரல் வரை போய்விடலாம். இறங்கி நடக்கிற தூரம்தான்.

ஒரே விஷயத்தை எத்தனை முறை வரைவது?

அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் ஒருவர் கே.எம்.ஆதிமூலம். திருச்சி மாவட்டம் துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்தவர். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவர் எழுதிய தலைப்பு எழுத்துகளை, அவர் பெயர் தெரியாமலேயே பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். 1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தபோது அவர் காந்தியை வரைந்தார். ஒன்றிரண்டு இல்லை, பெரும் தொடராக. எல்லாம் கறுப்புக் கோடுகள். இளைஞர் காந்தி, நடக்கும் காந்தி, வெறும் சில கோடுகளாகச் சுருங்கிவிட்ட காந்தி. எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகத்தை அத்தனை முறை வரைந்தால்தான் 'காந்தி மாதிரி இருக்கிறதா?' என்ற கேள்வி காணாமல்போய், 'கோடு என்ன சொல்கிறது?' என்ற கேள்வி வரும்.

இன்னும் கிட்டத்து உதாரணம், புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார். மதுரைப் பக்கத்துக்காரர். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அவருடைய முக்கியமான தொடர்களில் ஒன்று, மீன் விற்கும் தன் அம்மாவைப் பற்றியது. கேமரா கைக்கு வந்ததும் இமயமலைக்குப் போகவில்லை, அம்மா வேலை செய்யும் இடத்துக்குப் போனார். பின்னாளில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் தெருவைத் தாங்களே எடுத்த படங்கள் கண்காட்சிவரை போயின. இதுவரை வெளியாட்கள் வந்து எடுத்துக்கொண்டு போன இடங்கள் அவை.

புதுவாயலுக்கும் அதேதான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இந்த ஊர் ஒரு கூட்டுரோடு, ஒரு மேம்பாலம், வரிசையாக லாரி. இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தெரிவது அதைவிட நிறைய.

திட்டம் ஒன்று: ஹைவேயின் எழுத்துகள்

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. ஆந்திர எல்லை பக்கம். லாரியின் பின்பக்கம், பஞ்சர் கடை டயர், டீக்கடை பலகை, கோயில் சுவர், கட்சி விளம்பரம் எனத் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து கிடக்கும். இதில் எது கையால் எழுதியது, எது ஃப்ளெக்ஸ்? இந்த ஒரு கேள்வி போதும், ஐந்து வாரத்துக்குத் தாங்கும்.

முதல் வாரம் சேகரிப்பு மட்டும். தினமும் காலை 6 முதல் 8 மணி வரை நடந்து, கையால் எழுதிய எழுத்து எங்கெல்லாம் மிச்சமிருக்கிறது என்று போனில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பகலில் அலைந்தால் போர்ட்ஃபோலியோ வராது, காய்ச்சல்தான் வரும். ஹைவேயின் நடுத் தடுப்பில் நின்று படம் எடுக்கும் வேலையும் வேண்டாம். நின்றிருக்கும் லாரி, அதுவும் டிரைவரிடம் சொல்லிவிட்டு.

இரண்டாவது வாரம், ஒரே ஒரு எழுத்து. உதாரணத்துக்கு 'பு'. பத்துப் பலகைகளில் இருக்கும் பத்து 'பு'-வைப் பெரிய தாளில் வரைந்து பார்க்க வேண்டும். சுழி எங்கே தடிக்கிறது, பிரஷ் எங்கே தூக்கப்பட்டிருக்கிறது, இடம் போதாமல் எங்கே நெருக்கப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் படும். மூன்றாவது வாரம் பக்கத்து ஊர்களில் இன்னும் பெயிண்ட் வேலை செய்யும் ஓர் ஆர்ட்டிஸ்டைத் தேடிப் போக வேண்டும். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பா பிடித்துக்கொடுத்து, அவர் கையை மட்டும் வரையலாம். சாக்பீஸ் நூல் தட்டிக் கோடு போடுவதிலிருந்து ஷேடு கொடுப்பது வரை ஒவ்வொரு கட்டமும் ஒரு படம்.

அடுத்தது சோதனை. உருளைக்கிழங்கை வெட்டி அச்சு எடுக்கலாம். அட்டையில் ஸ்டென்சில் வெட்டலாம். பழைய டயர் ட்யூபில் எழுதிப் பார்க்கலாம். பாதி சொதப்பும். சொதப்பியதைத் தூக்கிப்போடக் கூடாது, அந்த 15 படங்களில் இரண்டு அதிலிருந்துதான் வரும். கடைசி வாரம், சேர்த்த எல்லாவற்றையும் வைத்து 'புதுவாயல்' என்ற ஒரு சொல்லைத் தன் எழுத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த ஊருக்கென்று ஓர் எழுத்து வடிவம்.

இது விளையாட்டு வேலை இல்லை. ஹனிஃப் குரேஷி என்ற வடிவமைப்பாளர், வட இந்தியத் தெரு ஓவியர்களின் கையெழுத்தை டிஜிட்டல் எழுத்துருக்களாக மாற்றும் திட்டத்தை இப்படித்தான் நடத்தினார். பிறகு தெருச் சுவர்களை ஓவியமாக்கும் 'ஸ்டார்ட் இந்தியா' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் இருக்கும் பெரிய ஓவியங்கள் அந்த அமைப்பின் வேலைதான். 2024-ல் குரேஷி காலமானார்.

திட்டம் இரண்டு: ஷிஃப்ட்

சிப்காட் கம்பெனிகளுக்குள் போய்ப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் வேலை வீட்டுக்கும் வருகிறதே? அப்பாவின் கை, அம்மாவின் டிபன் பாக்ஸ், வாசலில் கழற்றிப் போட்ட சேஃப்டி ஷூ, பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கட்டிய போர்வை. 'நைட் ஷிஃப்ட் இருக்கும் வீட்டில் பகல் எப்படி இருக்கும்?' என்பது இந்த வட்டாரத்துப் பிள்ளையால் மட்டும் கேட்க முடிகிற கேள்வி. கரித்துண்டும் பழைய காலண்டரின் பின்பக்கமும் போதும்.

உழைப்பை வரைவது கலைக்குப் புதிதும் இல்லை. மெரினாவில் பாறையைத் தள்ளும் நான்கு பேரின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இதே சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான்.

கம்பெனி கேட் பக்கத்து சைக்கிள்களையும் விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன், ஒரு காலத்தில் விண்ணப்பிக்கும் எல்லோரையும் ஒரு சைக்கிளை வரைந்து அனுப்பச் சொன்னது. சைக்கிளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பார்க்காமல் வரையச் சொன்னால் செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதிலேயே பலருக்கும் தடுமாறும்.

பழவேற்காடு போகலாமா?

போகலாம், பொன்னேரி வழியாக. ஆனால் ஃபிளமிங்கோ வரையப் போக வேண்டாம். பூநாரைகளின் சீசன் குளிர்காலம். மே மாதத்தில் கூகுள் படத்தைப் பார்த்து வரைவதற்கு பஸ் டிக்கெட் எதற்கு? மே மாதப் பழவேற்காட்டில் இருப்பது வற்றிய ஏரி, படகு, வலை, பனையோலைப் பின்னல், டச்சுக் கல்லறைத் தோட்டம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் கல்லின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அச்சு எடுக்கக் கூடாது. உட்கார்ந்து வரையலாம்.

செங்கல் சூளைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வேலை செய்பவர்கள் பலர் வெளிமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். கேட்காமல் போனை நீட்டக் கூடாது. குழந்தைகள் முகத்தை எடுக்கவே வேண்டாம். மண், அச்சு, அடுக்கு, புகை என்று வரைய அங்கே வேறு நிறைய இருக்கிறது. ஒருவரை வரைந்தால் அவரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். 'இது நானா?' என்று அவர் சிரித்தால், அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது அதுவும் ஒரு வரி.

எதைச் சேர்க்கக் கூடாது?

முதலில், நடிகர் படங்கள். விஜய், அஜித் பென்சில் போர்ட்ரெயிட் ஊரில் கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் அது வேறொருவர் எடுத்த போட்டோவின் நகல். வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்று முடிவு செய்தது அந்த போட்டோகிராஃபர். பயிற்சிக்கு எத்தனை வேண்டுமானாலும் வரையலாம், தொகுப்பில் வேண்டாம். பின்ட்ரெஸ்ட் நகலுக்கும் இதே பதில். ஏ.பி. விதிகளில் அடுத்தவர் படத்தை அப்படியே எடுத்தாள்வது திருட்டுக் கணக்கில்தான் வரும். ஏ.ஐ. கருவிகளுக்கு அங்கே எந்தக் கட்டத்திலும் அனுமதி கிடையாது, ஐடியாவுக்குக்கூட.

அண்ணன், அக்கா செய்ய வேண்டியது

அட்வைஸ் தேவையில்லை. வாரம் ஒருமுறை போனைக் கொடுத்தால் போதும். ஓவியத்தை போட்டோ எடுக்க நல்ல நேரம் காலை, நல்ல இடம் நிழல் விழும் வராந்தா. தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, போனை அதற்கு நேராகப் பிடித்து, நான்கு ஓரமும் தெரிய எடுக்க வேண்டும். ஃப்ளாஷ், ஃபில்டர் இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தேதி எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். தாள் மழையில் நனையும், ஃபோல்டர் நனையாது.

சென்னையில் வேலை என்றால், ஒரு சனிக்கிழமை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கி வரலாம். அதே நாள் தங்கச்சியை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், வெண்கலச் சிலைக் கூடத்தில் இரண்டு மணி நேரம் ஸ்கெட்ச் புக்கோடு விட்டுவிடலாம். செலவு கணக்குப் பார்த்தால், சம்மர் கேம்ப் ஃபீஸ் பக்கத்தில்கூட வராது.

'இதைப் படிச்சு என்ன வேலை?'

அப்பா தூங்கி எழுந்ததும் கேட்கப்போகும் கேள்வி இது. நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்தவர்களுக்கு விளம்பரம், அனிமேஷன், ஆப் வடிவமைப்பு என்று மாதச் சம்பள வழிகள் இருக்கின்றன. ஆடை வடிவமைப்புக்கும் தொழிற்சாலைகள் உண்டு. ஓவியம், சிற்பம் மட்டும் என்றால் முதல் சில வருடங்கள் கஷ்டம்தான். ஓவிய ஆசிரியர் வேலையின் நிலைமை மேலேயே சொல்லியாயிற்று. அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு என்பது ஒரு ஆறுதல்.

ஆனால் அப்பாவிடம் பேச வாயைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஐந்து வாரம் கழித்து அந்த 15 படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிவைப்பது. அதில் அவருடைய கை நான்கைந்தில் இருந்தால், பேச்சு வேறு மாதிரி தொடங்கும்.

'ஜூன் வந்துடுச்சே, இப்ப என்ன பண்ண?' என்பவர்களுக்கு: காலாண்டு விடுமுறை இருக்கிறது. ஐந்து வாரத் திட்டத்தில் அந்த நாட்களுக்குள் சேகரிப்பையும் அந்த ஒற்றை எழுத்தையும் முடித்துவிடலாம். மீதியை ஞாயிற்றுக்கிழமை காலைகளில், லாரிகள் டீக்கு நிற்கும் நேரத்தில்.